மாற்று எழுத்தர்

வரவில்லை. இன்னும் வரவில்லை. போனைத் திருப்பிப் பார்க்கிறேன், தூக்கிப் பார்க்கிறேன், ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்க்கிறேன். ஆறே ஆறு எண்கள். அதை அனுப்புவதற்கு இவ்வளவு நேரமா? உங்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டுவிட்டது என்று எதிர் மேஜையிலிருக்கும் கம்ப்யூட்டர் சத்தியம் செய்கிறது. அனுப்பினானாம். எந்த வழியாக அனுப்பினான், விராலிமலையைச் சுற்றிக்கொண்டா? மணி ஒன்பது ஐந்து. ஒன்பதரைக்குப் போர்ட்டல் மூடிவிடும். பத்து மணிக்குப் பரீட்சை. பரீட்சை எனக்கில்லை, கயல்விழிக்கு. எதிர் பெஞ்சில், நீலச் சுடிதாரில், மடக்கிய வெள்ளைக் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. பி.ஏ. வரலாறு, கடைசி செமஸ்டர், இன்று முதல் பேப்பர். அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். ஸ்க்ரைப் என்பார்கள். ஐந்து செமஸ்டர் எழுதியாயிற்று, இருபத்தாறு பேப்பர். ஒரு நாள் லீவு போட்டதில்லை, ஒரு நாள் பஸ் தாமதம் என்று காரணம் சொன்னதில்லை. இன்று மட்டும் நான் யார் என்று கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஒன்பதரைக்குள்ள வரலைன்னா மாற்று எழுத்தர் பேரு லாக் ஆயிடும்மா. அப்புறம் அஞ்சு பேப்பருக்கும் அவங்கதான். நான் ஒண்ணும் பண்ண முடியாது, சிஸ்டம் அப்படி" என்று பரீட்சைப் பிரிவு கிளார்க் அருள்தாஸ் சார் நிமிராமலேயே சொல்கிறார். மாற்று எழுத்தர் வேறு எங்கோ இல்லை. கயல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அனுஷியா என்று பெயர். பத்தொன்பது வயது.

போன செமஸ்டர் வரைக்கும் ஒரு வெள்ளைத்தாள் போதும். இன்னாருக்கு நான் எழுதிக் கொடுக்கச் சம்மதிக்கிறேன், இந்திராணி. கீழே பிரின்சிபல் முத்திரை, முடிந்தது. இந்தத் தடவை பதினான்கு பக்கம். வேலைக்கு விண்ணப்பம் போட்டால்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். இது சும்மா செய்கிற காரியம், அதுதான் கோபம். என் மேல் எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். போனேன். அங்கே இருந்த ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "எதுக்கும்மா கேக்குறாங்க?" என்றார். பரீட்சை எழுத என்றேன். "இந்த வயசுலயா?" என்றார். எனக்கில்லை, இன்னொரு பிள்ளைக்கு என்றதும் ஆள் மாறாட்டமா என்று நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் அரைத்து வைத்த மாவு பொங்கி வழிந்திருக்கும். அப்புறம் கயலுக்கு நான் உறவில்லை என்று ஒரு சான்று. உறவு என்று சான்று கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உறவில்லை என்று யார் கொடுப்பார்கள்? தாலுகா ஆபீசில் சிரித்தார்கள். ரத்த வகை கேட்டிருந்தார்கள். எழுதுவதற்கு எதற்கு ரத்தம்? போட்டோ ஐம்பது கே.பி.க்குள் இருக்க வேண்டுமாம், என் முகம் அதற்குள் அடங்கவில்லை, ஸ்டூடியோக்காரர் மூன்று தடவை சுருக்கினார், மூன்றாவது தடவை என் அம்மா மாதிரி ஆகிவிட்டேன். கயல் நிலைமை இன்னும் மோசம். அவள் விண்ணப்பத்தில், நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க, பஸ் இருக்கும் படங்களைத் தொடவும் என்று வந்ததாம். பார்வையில்லாதவர்களுக்கான விண்ணப்பத்தில். அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என்னிடம் இல்லை. அனுஷியாவிடம். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அதோ, இப்போதும் சிரிக்கிறாள். ஒரே இயர்போன், ஒரு காது இவளுக்கு, ஒரு காது அவளுக்கு. என்ன கேட்கிறார்களோ, இரண்டு தலையும் ஒரே தாளத்துக்கு ஆடுகின்றன. பரீட்சைக்கு முன்னால் கயல் யாரிடமும் பேசமாட்டாள், தெரியுமா? என்னோடு வரும்போதெல்லாம் வாய்க்குள்ளேயே தேதிகளை உருட்டிக்கொண்டிருப்பாள், நானும் மூச்சுச் சத்தம் கேட்காமல் இருப்பேன். அதுதான் அவள் சுபாவம் என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தேன். என்னோடு இருக்கும்போதுதான் அப்படியோ என்னவோ. அனுஷியா வேறு கல்லூரியில் பி.காம். முதல் வருஷம். ஏதோ தொண்டு அமைப்பாம், கழுத்தில் ஆரஞ்சு நாடாவில் அட்டை தொங்குகிறது. அட்டையில் அவள் போட்டோ அழகாக இருக்கிறது, ஐம்பது கே.பி.க்குள். முந்தாநாள் வந்தாள், விரலை வைத்தாள், ஓ.டி.பி. வந்தது, பத்து நிமிஷத்தில் பச்சை டிக் விழுந்தது. அருள்தாஸ் சார்கூட "படிச்ச புள்ளைங்க படிச்ச புள்ளைங்கதான்" என்றார். அவள் மெஷினிடம் பேசுகிற பாஷையே வேறு. கயல் அவளை வாடி போடி என்கிறாள். அவளும் அப்படித்தான். நேற்று "ஏய், நீ ஓவராப் பண்ற" என்று கயல் முதுகில் ஒன்று வைத்தாள், கயல் அதற்கும் சிரித்தாள். என்னை அக்கா என்பாள், வாங்க போங்க என்பாள். மரியாதைதான். ஆனால் மரியாதை கொடுத்து ஒதுக்கி உட்காரவைப்பது என்று ஒன்று இருக்கிறது, அது இப்போதுதான் புரிகிறது. பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன், எனக்குள் நானே சொல்லிக்கொள்வதற்கு என்ன வெட்கம்? நாற்பத்தாறு வயதில், தன் மகள் வயதுப் பெண்ணைப் பார்த்து வயிறு எரிகிறது. அந்த நாடா, அந்த அட்டை, அந்தப் பச்சை டிக், அந்த வாடி போடி.

நான் வந்தது திட்டம் போட்டு வந்ததுகூட இல்லை. இந்தக் கல்லூரி ஹாஸ்டலுக்கு இட்லி மாவு போடுவேன், இருபது கிலோ. ஒரு நாள் காலையில் மாவுத் தூக்கைக் கீழே வைக்கும்போது வார்டன் ஓடி வந்தார், எழுத வருவதாகச் சொன்ன பெண் வரவில்லை, உங்களுக்குக் கையெழுத்து நன்றாக இருக்குமே, பில் எழுதுவீர்களே என்றார். பிளஸ் டூ படித்திருந்தேன். மாவு ஒட்டிய சேலையோடு போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இந்தப் பெண். பேர் கேட்டேன், கயல்விழி என்றாள். நான் ஒரு நொடி பேசாமல் இருந்திருப்பேன் போல. "எங்கப்பா அவசரப்பட்டுட்டாருக்கா" என்றாள். அப்போதே பிடித்துப்போய்விட்டது. எழுத ஆரம்பிக்கும் முன் கேட்டாள், "உங்க கைய லேசா புடிச்சுக்கிறேன், பரவால்லையா?" தன் இடது கையை என் வலது மணிக்கட்டில் வைத்தாள். இரண்டு விரல்தான், பாரமே இல்லை. பேனா ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அதில் அவளுக்குத் தெரியும். நான் பின்தங்கினால் அவள் நிறுத்துவாள். நான் வரியை முடித்தால் அடுத்ததைத் தொடங்குவாள். பத்தி மாற வேண்டுமென்றால் ஒரு தட்டு. மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போது நான் ஒரு வார்த்தை பேச முடியாது, பேச வேண்டியும் இருக்காது. சிந்துவெளி, பல்லவர், கர்நாடகப் போர்கள், எல்லாம் அவள் வாயிலிருந்து வந்து என் கை வழியாகத் தாளுக்குப் போயின. மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது எனக்குக் கை வலித்தது, ஆனால் யாரோ என்னை முதல் தடவையாக எதற்கோ நம்பியதுபோல் இருந்தது. வீட்டில் என்னை எல்லாவற்றுக்கும் நம்புவார்கள், மாவு, பால், கரன்ட் பில். இது வேறு.

மணி ஒன்பது பன்னிரண்டு. மறுபடியும் அனுப்பு என்கிற பொத்தானைச் சார் அழுத்துகிறார். அது சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. "சர்வர் பிஸிம்மா." என்ன பிஸியோ, நாலு பேருக்கு நம்பர் அனுப்புவதைத் தவிர அதற்கு என்ன வேலை? ரேகை விழுந்திருந்தால் இந்த நம்பரே தேவைப்பட்டிருக்காது. அந்தச் சின்னக் கறுப்பு மெஷினில் கட்டை விரலை வைத்தேன், மீண்டும் முயற்சிக்கவும். ஆள்காட்டி விரல், மீண்டும் முயற்சிக்கவும். துடைத்துவிட்டு, ஊதிவிட்டு, முந்தானையில் தேய்த்துவிட்டு, பத்து விரலும் வைத்தாயிற்று. "உங்களுக்கு ரேகையே இல்லம்மா" என்று சார் ஏதோ டாக்டர் மாதிரி சொன்னார். எப்படி இருக்கும்? பதினேழு வருஷமாக உளுந்து களைந்த கை. தோல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். அனுஷியா விரலை எட்டிப் பார்த்தேன், நகத்தில் வெள்ளை பாலிஷ், மெத்தென்ற விரல்கள், அதில் ரேகை எல்லாம் அப்படியே புத்தம் புதுசாக இருக்கும். புதன்கிழமை ஹாஸ்டலில் மாவு இறக்கிவிட்டு வரும்போது வராந்தாவில் பார்த்தேன். இருவரும் மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கிறார்கள். கயலின் இரண்டு விரல் அவள் மணிக்கட்டில் இருந்தது. நான் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மாற்று எழுத்தர் என்றால் பழக்கிப் பார்க்கத்தானே வேண்டும், சகஜம்தானே, அதில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லைதான். ஆனால் எனக்குக் காது அடைத்தது. கயல் நான் நிற்பதைத் தெரிந்துகொண்டிருப்பாள், என் செருப்புச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. கையை எடுக்கவில்லை. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது, நீங்கள் ஏன் தொண்டாற்ற விரும்புகிறீர்கள், நூறு சொற்களுக்கு மிகாமல். சமுதாயத்துக்கு என்னால் இயன்ற சேவை என்று எழுதினேன். எல்லாரும் எழுதுவதுதான். அந்த இரண்டு விரலுக்காக என்று எழுதினால் எந்த சர்வர் ஏற்றுக்கொள்ளும்?

அதைவிடப் பெரிய பொய் பதினொன்றாவது கட்டத்தில் இருக்கிறது. கல்வித் தகுதி, தற்போது பயிலும் படிப்பு. எழுதிக் கொடுப்பவர் அந்தப் பரீட்சைப் பாடத்தைப் படித்திருக்கவோ படித்துக்கொண்டிருக்கவோ கூடாது என்பது விதி. நியாயம்தான், தெரிந்தவர் எழுதினால் தன் சரக்கைச் சேர்த்துவிடுவார் அல்லவா? பழைய வெள்ளைத்தாளில் இதெல்லாம் கேட்டதில்லை. நான் பிளஸ் டூ என்று எழுதி, தற்போது என்ற இடத்தில் இல்லை என்று போட்டேன். உண்மை என்னவென்றால் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கயலுக்கு எழுத ஆரம்பித்து ஆறு மாதத்தில் சேர்ந்துவிட்டேன். அவள் சொல்லி நான் எழுதியது மண்டையில் தங்கிவிட்டது, கிரைண்டர் ஓடும்போது தானாக ஓடும். இவ்வளவு தெரிந்துகொண்டு சும்மா இருப்பானேன் என்று பணம் கட்டினேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது "படி, யார் வேணாங்குறா" என்று டி.வி.யைப் பார்த்தார். கயலிடம் சொல்லவில்லை. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று. இல்லை, அதுவும் சரியில்லை. சொன்னால் நான் அவளுக்கு எழுத முடியாமல் போகுமோ என்று அப்போதே ஒரு பயம், விதி தெரியாமலேயே. என் சொந்தப் பரீட்சையை எழுதும்போது வினோதமாக இருந்தது. கை லேசாக இருந்தது, அவ்வளவு லேசாக இருந்ததில் எழுத்துக் கோணியது. தமிழ்நாட்டு வரலாற்றில் அறுபத்தொன்று வாங்கினேன். இப்போது பயம் என்னவென்றால், ஒன்றுக்கும் உதவாத இந்தக் கம்ப்யூட்டர் எங்கேயாவது போய் அந்த அறுபத்தொன்றைத் தோண்டி எடுத்து வந்துவிடுமோ என்பது. ஓ.டி.பி. அனுப்பத் துப்பில்லாதது அதை மட்டும் செய்துவிடும். பக்கத்தில் அனுஷியா, பிளஸ் டூ, பி.காம்., எல்லாக் கட்டத்திலும் உண்மை. உண்மை எழுதுவதுகூட அவளுக்குத்தான் சுலபமாக இருக்கிறது.

இருபத்தாறு பேப்பரும் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். சத்தியமாக. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த ஒரு பத்தியைத் தவிர. அதை ஏன் இப்போது நினைக்கிறேன்? நவம்பரில் நடந்தது, நல்ல மார்க்கும் வந்தாயிற்று, அதோடு விட வேண்டியதுதானே. மணி ஒன்பது பதினேழு. ஜன்னலுக்கு வெளியே வாட்ச்மேன் ஹால் டிக்கெட் பார்க்கிறார். அந்த ஒரு பத்தி. வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம், பத்து மார்க் கேள்வி. கயலுக்கு ஊரே அதுதான், அவள் அம்மா இன்னும் உப்பளத்தில் வேலைக்குப் போகிறார். திருச்சியிலிருந்து நடந்து போனது, தடை, கைது எல்லாம் வரிசையாகச் சொன்னாள், எழுதினேன். கடைசியில் ஒரு தட்டு தட்டினாள், புதுப் பத்தி. "உப்பை அள்ளினவர்கள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. உப்பை விளைய வைத்தவர்கள் பெயர் இல்லை. மறுநாள் காலையில் அவர்கள் மறுபடியும் அதே பாத்தியில் இறங்கியிருப்பார்கள்" என்று ஆரம்பித்து, அம்மாவின் பாத வெடிப்பு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள். இது பாடத்தில் இல்லையே, திருத்துபவர் கோடு போட்டு அடித்துவிடுவாரே. நாலு மாதத்துக்கு முன்னால்தான் அதே கேள்விக்கு நான் விடை எழுதியிருந்தேன். போராட்டத்தின் விளைவுகள், ஐந்து பாயின்ட், எனக்கு வரிசையாகத் தெரியும். அவள் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், என் கை விளைவுகளை எழுதிக்கொண்டிருந்தது. அவள் விரல் என் மணிக்கட்டில்தான் இருந்தது. நல்லதுக்குத்தானே செய்தேன்? எழுபத்தெட்டு வந்தது, வகுப்பில் முதல். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், நானும் சிரித்தேன். நல்லதுக்குத்தான். ஆனால் வேறொன்றும் இருந்தது, அதை இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது? அவள் சொல்லிக்கொண்டு போனபோது, எனக்கு இப்படி ஒன்று தோன்றவே தோன்றாது என்று தெரிந்தது. ஐந்து பாயின்ட் மனப்பாடம் செய்தவளுக்கு எங்கிருந்து வரும்? அன்று எரிந்ததும் இதே வயிறுதான். அன்று அதற்கு மார்க் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

குச்சி விரியும் சத்தம். கயல் எழுந்துவிட்டாள். இயர்போனைக் கழற்றி அனுஷியா கையில் கொடுத்துவிட்டு, தனியாக, குச்சியை இரண்டு தட்டுத் தட்டி, என் பக்கம் வருகிறாள். அனுஷியா கூட வர எழுந்தாள், கயல் வேண்டாம் என்று கை காட்டினாள். பார்த்தாயா என்று எனக்குள் ஏதோ குதித்தது. கஷ்டம் வந்தால் என்னிடம்தான் வருவாள். நான் நகர்ந்து இடம் விட்டேன், அவள் பெஞ்சைத் தடவி உட்கார்ந்தாள்.

"வந்துருச்சாக்கா?"

"இல்லம்மா. வந்துரும், நீ பதறாத."

"நான் பதறல." குச்சியின் நுனியால் தரையில் ஏதோ கோலம் மாதிரிப் போட்டாள். "அக்கா, ஒண்ணு சொல்லணும். நேத்தே சொல்லியிருக்கணும், வாய் வரல. நவம்பர் பேப்பரோட ஜெராக்ஸ் வாங்கினேன்."

போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். "எதுக்கும்மா? நல்ல மார்க்குதானே."

"மார்க்குக்கு இல்ல. டிபார்ட்மென்ட் மலருக்கு எதாவது குடுன்னாங்க. அந்தக் கடைசிப் பத்தியக் குடுக்கலாம்னு நெனச்சேன். திரும்பச் சொன்னா அதே மாதிரி வராதுல்ல. அனுஷியாவப் படிக்கச் சொன்னேன். படிச்சா. பக்கத்தத் தாண்டிட்டாளோன்னு மறுபடி படிக்கச் சொன்னேன். மூணு தடவ படிச்சாக்கா."

அருள்தாஸ் சார் யாருக்கோ போனில் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கை ஓடிட்டேதான் இருந்துச்சு" என்றாள் கயல். "நான் புடிச்சுக்கிட்டுதானே இருந்தேன்."

"உனக்கு மார்க்குப் போயிருமேன்னுதாம்மா..."

"தெரியும்க்கா. நீங்க எனக்குக் கெடுதல் நெனைக்க மாட்டீங்க. எழுபத்தெட்டுல எனக்கு எவ்ளோ, உங்களுக்கு எவ்ளோன்னுதான் பிரிக்கத் தெரியல." கொஞ்சம் நிறுத்தினாள். "எல்லாத்துலயும் மாத்துனீங்களா, அதுல மட்டுமா?"

இருபத்தாறு பேப்பரையும் ஒரு நொடியில் புரட்டினேன். "ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு வருஷம் தப்பாச் சொன்ன, அதத் திருத்தினேன். அப்புறம் இது. வேற இல்லம்மா."

தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நம்புவதற்கு அவளிடம் என் வார்த்தையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? இதுவரைக்கும் இந்த யோசனை எனக்கு வந்ததே இல்லை.

"நீங்களும் பி.ஏ. எழுதுறீங்கன்னு வார்டன் சொன்னாங்க. கேட்டப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. எங்கிட்ட சொல்லலையேன்னு கொஞ்சம் வருத்தம், அவ்ளோதான். உங்க பேப்பர்ல நீங்க என்ன வேணா எழுதலாம்க்கா. இது என்னோடது."

குரல் உயரவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன் என்றாள். நீங்கள் எழுத வேண்டாம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள், இரண்டு நாளாகச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறாள், இப்போதும் முடியாமல் குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருக்கிறாள். மூன்று வருஷம் சும்மா வந்து எழுதிக் கொடுத்தவளிடம் எந்த வாயால் சொல்வாள்? புதன்கிழமை வராந்தாவில் கையை எடுக்காமல் இருந்தாளே, அதுகூட எனக்காகத்தான். நானாகப் புரிந்துகொள்வேன் என்று பார்த்திருக்கிறாள். நான் மாவுத் தூக்கோடு நின்று அனுஷியாவின் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பார்த்து என் மடியில் போன் சிணுங்கியது. ஆறு எண்கள். சுத்தமாக, வரிசையாக, பத்து நிமிடங்களுக்குச் செல்லும் என்ற குறிப்போடு. மணி ஒன்பது இருபத்தாறு. கயலின் தலை லேசாக என் மடிப்பக்கம் சாய்ந்து நின்றது. மழை வரப்போவதை எங்களுக்கு முன்னால் கேட்டுவிடுகிற காது, இது கேட்காதா? சாருக்கும் கேட்டிருந்தது. "வந்துருச்சா இந்திராணிம்மா? நம்பரச் சொல்லுங்க, சீக்கிரம்." எதிரே அனுஷியா தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் போதும். ஆறு எண்ணையும் வாய்விட்டுச் சொன்னால் அந்த ஆரஞ்சு நாடாவுக்கு இங்கே வேலை இல்லை, ஐந்து பேப்பரும் என்னுடையது, கயலும் மறுக்கமாட்டாள், எனக்கு நன்றாகத் தெரியும், மறுக்கத் தெரியாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டுவாள். நாக்கு நுனி வரைக்கும் முதல் எண் வந்துவிட்டது. பொய் இல்லை, வந்துவிட்டது.

"அது மாவு ஆர்டர் சார். ஓ.டி.பி. வரல, இனிமே எங்க வரப்போகுது. அந்தப் பொண்ணையே அனுப்பிருங்க."

சார் உச்சுக்கொட்டினார். நெட்வொர்க்கைத் திட்டினார், போர்ட்டலைத் திட்டினார், மவுசை இரண்டு தடவை தட்டினார். கயலின் தோள் இறங்கியது. எத்தனை நேரமாக அதைத் தூக்கிவைத்திருந்தாளோ, மூட்டையை இறக்கிவைத்தவள் மாதிரி இறங்கியது. "சரிக்கா" என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அந்த நிம்மதியை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை, அது ஏன் போகிறது, இன்னும் கொஞ்சம் உள்ளே போய் வசதியாக உட்கார்ந்துகொண்டது. அனுஷியா வந்து கயலின் பக்கத்தில் நின்றாள். கேள்வித்தாளை முதலில் முழுக்க ஒருமுறை வாசி, அவசரப்படுத்தாதே, தண்ணீர் பாட்டிலை அவளுக்கு இடப்பக்கம் வை என்றெல்லாம் சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. மூன்று வருஷத்து விஷயம். அத்தனையிலும் ஒன்றுதான் வெளியே வந்தது.

"அவ சொல்றத மட்டும் எழுதும்மா."

அனுஷியா என்னை நேராகப் பார்த்தாள். கேலி இல்லை, கோபமும் இல்லை.

"தெரியும் ஆன்ட்டி" என்றாள்.